சி டிரைவ் சிவந்துவிட்டதா? அழிப்பதா, வெளி டிஸ்க்கா, கிளவுடா, புது எஸ்எஸ்டியா – ஓர் ஒப்பீடு

பத்து நாளுக்குள் மூன்று பேர் ஒரே கேள்வியோடு வந்தார்கள். திருவொற்றியூரில் இருக்கும் அக்கா ஒருவர், "தம்பி, கம்ப்யூட்டர்ல சி டிரைவ் சிவப்பா காட்டுது. ஹார்ட் டிஸ்க் வாங்கவா, கூகுளுக்குக் காசு கட்டவா, இல்ல எல்லாத்தையும் அழிச்சிடவா?" என்று கேட்டார். வியாசர்பாடியில் பிள்ளைகளுக்குக் கால்பந்து சொல்லித்தரும் தம்பிக்கு மேட்ச் வீடியோக்கள் மலைபோலக் குவிந்துவிட்டன. காசிமேட்டில் அப்பாவின் விசைப்படகுக் கணக்கைப் பார்த்துக்கொள்ளும் தங்கையின் லேப்டாப்பில் விண்டோஸ் அப்டேட் ஏறவே மாட்டேன் என்கிறது.

மூவருக்கும் மூன்று விதமான பதில்தான் சொல்ல முடிந்தது. பழைய வண்ணாரப்பேட்டையில் கல்யாணப் பத்திரிகை வடிவமைக்கும் வேலையில் பல வருடமாக இருக்கிறேன். டிஸ்க் நிரம்புவதும் காலி செய்வதும் எனக்குத் தினப்படி வேலை. அந்த அனுபவத்தை வைத்து, வீட்டுக் கணினிக்கு எது எப்போது சரிவரும் என்று இங்கே எழுதுகிறேன்.

## முதலில் எதை வைத்து முடிவெடுப்பது?

கடைக்குப் போகும் முன் "திஸ் பிசி"யைத் திறந்து பாருங்கள். ஒரு டிரைவில் பத்தில் ஒரு பங்குக்கும் குறைவாக இடம் மிஞ்சினால் விண்டோஸ் அதைச் சிவப்பாகக் காட்டும். சிவந்திருப்பது சி மட்டுமா, டியும் சேர்த்தா? நம்ம ஊரில் அசெம்பிள் செய்து வாங்கிய கணினிகளில் ஒரே டிஸ்க்கை இரண்டாகப் பிரித்து, சிக்கு 100 ஜிபி மட்டும் கொடுத்து மீதியை எல்லாம் டியில் விட்டிருப்பார்கள். திருவொற்றியூர் அக்காவின் கணினியில் சி மூச்சுத் திணறிக்கொண்டிருந்தது, டியில் 700 ஜிபிக்கு மேல் சும்மா கிடந்தது. அவருக்கு ஒரு ரூபாய் செலவும் தேவைப்படவில்லை.

கணக்குப் போடும்போது இன்னொன்று: 1 டிபி என்று வாங்கும் டிஸ்க்கை விண்டோஸ் 931 ஜிபி என்றுதான் காட்டும். கடைக்காரர் ஏமாற்றவில்லை. தயாரிப்பவர்கள் ஆயிரம் ஆயிரமாக எண்ணுகிறார்கள், விண்டோஸ் 1024, 1024 ஆக எண்ணுகிறது. அதேபோல் 500 ஜிபி 465 ஆகவும், 256 ஜிபி 238 ஆகவும் தெரியும்.

அப்புறம் நான் பார்க்கும் விஷயங்கள்: மூன்று வருடத்துக்கு மொத்தம் எவ்வளவு செலவாகும், அந்தக் கோப்புகளை எவ்வளவு அடிக்கடி திறக்க வேண்டியிருக்கும், கணினிக்கு வயது என்ன. எல்லாவற்றையும்விட முக்கியமாக, வேலை முடிந்த பிறகு ஒவ்வொரு கோப்புக்கும் எத்தனை பிரதி இருக்கும்? இடத்தைக் காலி செய்வது வேறு, கோப்பைப் பத்திரப்படுத்துவது வேறு. இரண்டையும் ஒன்றென்று நினைத்து நான் இழந்ததைக் கீழே சொல்கிறேன்.

வடசென்னைக்காரர்களுக்கு இன்னொரு கேள்வியும் உண்டு. மழைக்காலத்தில் உங்கள் வீட்டுக்குள் தண்ணீர் வருமா?

## வழி 1: இருப்பதைச் சுத்தம் செய்வது

எந்த வழியைத் தேர்ந்தாலும் இதில் தொடங்குங்கள். குப்பையைப் புது டிஸ்க்குக்கு மாற்றக் காசு கொடுப்பதில் அர்த்தமில்லை.

எது இடத்தை அடைக்கிறது என்று கண்ணால் பார்ப்பதுதான் முதல் வேலை. விஸ்ட்ரீ என்ற மென்பொருள் வீட்டு உபயோகத்துக்கு இலவசம். எந்த ஃபோல்டர் எவ்வளவு இடம் பிடிக்கிறது என்று சற்று நேரத்தில் பெரியதிலிருந்து சிறியதாக வரிசைப்படுத்திக் காட்டிவிடும். நான் பார்த்த வீடுகளில் பெரும்பாலும் குற்றவாளி டவுன்லோட்ஸ் ஃபோல்டர்தான். ஒரே ஆதார் பிடிஎஃப் ஏழு முறை, ஒரே பாட்டு நான்கு முறை என்று கிடக்கும். அடுத்தது கணினியில் இருக்கும் வாட்ஸ்அப். குடும்பக் குழுவில் வரும் ஒவ்வொரு வீடியோவையும் அது தானாக இறக்கிவைத்துக்கொள்ளும். செட்டிங்ஸில் தானியங்கிப் பதிவிறக்கத்தை நிறுத்தாமல் எவ்வளவு அழித்தாலும் ஆறு மாதத்தில் பழைய நிலைக்கே வந்துவிடும்.

விண்டோஸ் தன் பங்குக்குச் சேர்த்துவைத்திருப்பதை செட்டிங்ஸ், சிஸ்டம், ஸ்டோரேஜ் என்று போய் "டெம்பரரி ஃபைல்ஸ்" பகுதியில் அழிக்கலாம். பெரிய அப்டேட்டுக்குப் பிறகு "விண்டோஸ் ஓல்ட்" என்ற ஃபோல்டர் பல ஜிபியைப் பிடித்திருக்கும். பழைய பதிப்புக்குத் திரும்ப வேண்டியிருந்தால் உதவட்டும் என்று விண்டோஸ் அதைப் பத்து நாள் வைத்திருக்கும், அப்புறம் தானே நீக்கிவிடும். புதுப் பதிப்பு ஒழுங்காக ஓடுகிறதென்றால் முன்னாலேயே நீக்கலாம்.

ஆனால் அந்தப் பக்கத்தில் ஒரு ஆபத்து இருக்கிறது. பட்டியலில் "டவுன்லோட்ஸ்" என்றும் ஒரு கட்டம் உண்டு. பெயர் "தற்காலிகக் கோப்புகள்" என்று இருப்பதால் எல்லாக் கட்டத்திலும் டிக் அடித்துவிடுகிறார்கள். எங்கள் தெருவில் ஒரு மாணவி அப்படி அடித்ததில், கல்லூரி சேர்க்கைக்கு ஸ்கேன் செய்துவைத்திருந்த சான்றிதழ்கள் எல்லாம் போயின. அசல்கள் வீட்டில் இருந்ததால் மறுபடி ஸ்கேன் செய்துகொண்டாள். ஒவ்வொரு கட்டத்தையும் படித்துவிட்டு டிக் அடியுங்கள்.

விண்டோஸ் ஃபோல்டருக்குள் போய்க் கையால் எதையும் அழிக்காதீர்கள். அங்கே "வின்எஸ்எக்ஸ்எஸ்" என்று பெரிதாக ஒன்று தெரியும். அதைத் தொட்டால் கணினி எழுந்திருக்காமலே போகலாம். "ரெஜிஸ்ட்ரி கிளீனர்" என்று விளம்பரம் செய்யும் மென்பொருள்களும் வேண்டாம். அவற்றால் கிடைக்கும் இடம் ஒன்றுமில்லை, வரும் கெடுதல் பெரிது. இன்னொரு வீண் வேலை, படங்களையும் வீடியோக்களையும் ஜிப் செய்வது. அவை ஏற்கெனவே சுருக்கப்பட்டவை. ஜிப் செய்தாலும் இடம் அதிகம் குறையாது.

டியில் இடம் இருப்பவர்களுக்கு அக்காவுக்குச் செய்ததுதான் வழி. டாக்குமென்ட்ஸ், பிக்சர்ஸ், வீடியோஸ், டவுன்லோட்ஸ் ஒவ்வொன்றின் மேலும் வலது கிளிக் செய்து, பிராப்பர்ட்டீஸில் லொக்கேஷன் என்பதைத் திறந்து, "மூவ்" கொடுத்து டியில் ஒரு ஃபோல்டரைக் காட்டினால் போதும். இனி சேமிப்பதும் அங்கேயே போகும். ஒவ்வொன்றுக்கும் தனித்தனி ஃபோல்டர் உண்டாக்கிக் காட்டுங்கள். நேரடியாக டி டிரைவையே காட்டினால் பின்னால் குழப்பம் வரும். அந்த ஃபோல்டர்கள் ஏற்கெனவே மைக்ரோசாஃப்டின் இணையச் சேமிப்பான ஒன்டிரைவோடு இணைந்திருந்தால், அங்கே பேக்கப்பை முதலில் நிறுத்திவிட்டுச் செய்யுங்கள்.

இதில் மறைந்திருக்கும் செலவு நேரம். ஐந்து வருடப் படங்களை உட்கார்ந்து பிரிக்க ஒரு ஞாயிறு போதாது. படங்களைப் பிரிக்கும் வேலையை அவசரத்தில் செய்யவே கூடாது என்பது என் கருத்து. முதலில் டவுன்லோட்ஸ், வாட்ஸ்அப், விண்டோஸ் குப்பை. குடும்பப் படங்கள் கடைசியில், வீட்டில் எல்லோரும் இருக்கும்போது.

## வழி 2: வெளி ஹார்ட் டிஸ்க்

ஒரு முறை காசு கொடுத்தால் முடிந்தது. மாதக் கட்டணம் இல்லை, நெட் தேவையில்லை. ஒரு ஜிபிக்கு எவ்வளவு என்று பார்த்தால் உள்ளே வட்டு சுழலும் சாதாரண வெளி டிஸ்க்தான் மலிவு. வட்டு சுழலாமல் சிப்பில் சேமிக்கும் வெளி எஸ்எஸ்டி வேகமானது, கீழே விழுந்தாலும் தாங்கும், ஆனால் அதே கொள்ளளவுக்கு விலை கூடும். எஸ்எஸ்டியை வருடக்கணக்கில் மின்சாரம் காட்டாமல் பீரோவில் போட்டுவைப்பதும் நல்லதில்லை.

2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வந்தபோது எங்கள் வீட்டுத் தரைத்தளத்தில் தண்ணீர் ஏறியது. அதற்குச் சில மாதம் முன்புதான் இடம் போதவில்லை என்று மகள் பிறந்த முதல் மூன்று வருடப் படங்களைக் கணினியிலிருந்து "கட்" செய்து வெளி டிஸ்க்கில் "பேஸ்ட்" செய்திருந்தேன். பத்திரமாக இருக்கட்டும் என்று டிஸ்க்கைக் கணினி மேசையின் அடி டிராயரில் வைத்தேன். விடிய விடியப் பண்டபாத்திரங்களை மேலே ஏற்றினோம். டிராயர் நினைவுக்கே வரவில்லை. டிஸ்க் ஒரு நாளுக்கு மேல் சேற்றுத் தண்ணீரில் கிடந்தது. உறவினர்களுக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பியிருந்த படங்கள் மட்டும் அவர்களிடமிருந்து திரும்பக் கிடைத்தன, அதுவும் வாட்ஸ்அப் சுருக்கிய சின்ன அளவில். மீதி போனது போனதுதான்.

நான் செய்தது இடத்தைக் காலி செய்யும் வேலை மட்டும். பிரதி முன்பும் ஒன்று, பின்பும் ஒன்று. கணினியில் இருந்த ஆபத்தை டிராயருக்கு மாற்றினேன், அவ்வளவுதான். அதனால் வெளி டிஸ்க் வாங்குபவர்களிடம் நான் கெஞ்சிக் கேட்பது இது. எந்தப் படங்களைக் கணினியிலிருந்து நீக்கப்போகிறீர்களோ, அவற்றுக்கு வேறு ஏதாவது ஓர் இடத்தில் இன்னொரு பிரதி இருக்கிறதா என்று பார்த்துவிட்டு நீக்குங்கள். முடிந்தால் அந்த இரண்டாவது பிரதி வேறு வீட்டில் இருக்கட்டும். தரைத்தளத்தில் இருப்பவர்கள் டிஸ்க்கைப் பரணில் வையுங்கள். ராயபுரம், காசிமேடு, எண்ணூர்ப் பக்கம் கடலை ஒட்டி இருப்பவர்கள் இறுக மூடும் டப்பாவில் சிலிகா ஜெல் பொட்டலம் போட்டு வைக்கலாம். உப்புக்காற்று இணைப்பு முனைகளை அரிக்கும்.

கேபிளைச் சொருகும் இடமும் முக்கியம். பழைய யூஎஸ்பி 2.0 துளையில் நொடிக்கு 30 எம்பி அளவுக்குத்தான் போகும். 300 ஜிபி மாற்ற மூன்று மணி நேரம் ஆகலாம். உள்ளே நீலமாக இருக்கும் 3.0 துளை இருந்தால் வேலை பல மடங்கு சீக்கிரம் முடியும். மாற்றும்போது மின்சாரம் போகும் வாய்ப்பு இருந்தால் "கட்" செய்யவே வேண்டாம். "காப்பி" செய்து, சரிபார்த்து, அப்புறம் பழையதை அழியுங்கள்.

மலிவு விலையில் "2 டிபி பென் டிரைவ்" என்று விற்பதை வாங்கி ஏமாறாதீர்கள். சின்னச் சிப்பை வைத்துப் பெரிய அளவைக் காட்டும்படி செய்திருப்பார்கள். நிஜ அளவைத் தாண்டியதும் புதிதாக எழுதுவது எல்லாம் குப்பையாகும், பட்டியலில் மட்டும் பெயர் தெரியும். எதை வாங்கினாலும் எச்2டெஸ்ட்டபிள்யூ என்ற இலவச மென்பொருளால் முழுவதும் எழுதிப் படித்துச் சோதித்துவிட்டுப் பயன்படுத்துங்கள். பழைய ஹார்ட் டிஸ்க்குகளைப் படங்கள் வைக்க வாங்கவே வாங்காதீர்கள்.

## வழி 3: கிளவுட்

கிளவுட் என்றால் கோப்புகளை இணையம் வழியாக கூகுள் போன்ற நிறுவனங்களின் கணினிகளில் வைப்பது. வெள்ளம், திருட்டு, தீ மூன்றுக்கும் எட்டாத இடம் இது ஒன்றுதான். என் இழப்புக்குப் பிறகு குடும்பப் படங்களை இங்கேயும் வைத்திருக்கிறேன்.

கூகுள் 15 ஜிபி இலவசமாகத் தருகிறது. ஜிமெயில், டிரைவ், போட்டோஸ் மூன்றுக்கும் சேர்த்து அவ்வளவுதான். 2021 ஜூன் 1க்குப் பிறகு ஏற்றும் படங்கள் எல்லாம் இந்தக் கணக்கில் சேரும். மைக்ரோசாஃப்டின் ஒன்டிரைவில் இலவசம் 5 ஜிபி. கூகுளில் 100 ஜிபி திட்டத்துக்கு மாதம் 130 ரூபாய், வருடமாகக் கட்டினால் 1,300 ரூபாய் என்று கட்டிவருகிறேன். மூன்று வருடத்துக்கு 3,900 ரூபாய். கட்டுவதற்கு முன் இன்றைய விலையைப் பார்த்துக்கொள்ளுங்கள். ஒரே திட்டத்தை உங்களைத் தவிர இன்னும் ஐந்து பேரோடு பகிர்ந்துகொள்ளலாம் என்பதால் அண்ணன் தம்பி குடும்பங்கள் சேர்ந்து கட்டினால் சுமை குறையும்.

மறைந்திருக்கும் முதல் செலவு ஏற்றும் நேரம். நெட் திட்டத்தில் இறக்கும் வேகத்தைத்தான் பெரிதாக விளம்பரம் செய்வார்கள், ஏற்றும் வேகம் குறைவாக இருக்கலாம். நொடிக்கு 10 மெகாபிட் ஏற்றும் வேகம் இருந்தால் 100 ஜிபி ஏற 22 மணி நேரம் ஆகும். போன் டேட்டாவில் இதைச் செய்ய நினைக்காதீர்கள்.

இரண்டாவது, கட்டணத்தை நிறுத்தினால் என்ன ஆகும் என்பது. கூகுளில் அளவைத் தாண்டிய நிலையில் நின்றால் புதிதாக எதுவும் ஏறாது, ஜிமெயிலுக்கு அஞ்சல் வருவதும் நின்றுவிடும். அப்படியே இரண்டு வருடம் போனால் கோப்புகளை நீக்கும் உரிமை அவர்களுக்கு உண்டு.

மூன்றாவதுதான் பலரையும் கண்கலங்க வைப்பது. ஒன்டிரைவோ கூகுள் டிரைவோ கணினியோடு இணைந்திருக்கும்போது, கணினியில் அந்த ஃபோல்டரில் இருக்கும் கோப்பை "டெலீட்" செய்தால் கிளவுடிலும் அது போய்விடும். "மேலே ஏறிடுச்சே, இங்க அழிச்சிடலாம்" என்று நினைத்துத்தான் அழிக்கிறார்கள். ஒன்டிரைவில் இடத்தைக் காலி செய்ய வேண்டுமென்றால் கோப்பின் மேல் வலது கிளிக் செய்து "ஃப்ரீ அப் ஸ்பேஸ்" கொடுக்க வேண்டும். அப்போது பெயர் மட்டும் கணினியில் இருக்கும், கோப்பு மேலே இருக்கும். தவறி அழித்துவிட்டால் உடனே இணையதளத்தில் நுழைந்து அங்கே இருக்கும் குப்பைத்தொட்டியில் பாருங்கள். சில வாரங்கள் வரை அங்கே கிடைக்கும்.

அப்புறம், கணக்கோடு இணைத்த போன் எண்ணை மாற்றினால் கணக்கிலும் மாற்றிவிடுங்கள். ரீசார்ஜ் செய்யாமல் பழைய எண்ணை விட்டுவிட்டு, பாஸ்வேர்டையும் மறந்தால் படங்கள் இருந்தும் இல்லாத மாதிரிதான்.

## வழி 4: உள்ளே புது எஸ்எஸ்டி

கணினியே மெதுவாகத் திறக்கிறது, இடமும் இல்லை என்றால் இரண்டுக்கும் ஒரே மருந்து இது. வட்டு சுழலும் பழைய டிஸ்க்கை எடுத்துவிட்டு எஸ்எஸ்டி போட்ட கணினியைத் திறந்து பார்த்தவர்களுக்கு வித்தியாசம் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

டெஸ்க்டாப்பில் பழையதை எடுக்காமலே இன்னொன்றைச் சேர்க்கலாம். லேப்டாப்பில் பெரும்பாலும் மாற்றத்தான் வேண்டும். எடுத்த பழைய டிஸ்க் நல்ல நிலையில் இருந்தால் அதற்கு ஒரு யூஎஸ்பி கேஸ் வாங்கிப் போட்டு வெளி டிஸ்க்காக வைத்துக்கொள்ளலாம். இப்படி ஒரு செலவில் வழி 2ம் சேர்ந்து கிடைக்கிறது.

கடைக்குப் போகும் முன் உங்கள் கணினியில் எது பொருந்தும் என்று தெரிந்துகொள்ளுங்கள். பழையதில் இரண்டரை அங்குல சாட்டா வகை, புதியதில் சின்ன பட்டை மாதிரி இருக்கும் எம்.2 வகை. எம்.2விலும் சாட்டா, என்விஎம்ஈ என்று இரண்டு உண்டு, பார்க்க ஒன்றுபோல இருந்தாலும் மாற்றிப் போட்டால் வேலை செய்யாமல் போகலாம். மாடல் எண்ணைப் போனில் படம் எடுத்துக்கொண்டு போங்கள். திருவொற்றியூர், தண்டையார்பேட்டைப் பக்கமிருந்து கணினிப் பாகங்கள் விற்கும் ரிச்சி தெருவுக்குப் போவது சுலபம். மெட்ரோவில் ஏறினால் வண்டி மாறாமல் அரசினர் தோட்டத்தில் இறங்கி நடந்துவிடலாம். இரண்டு மூன்று கடை ஏறி விலை கேளுங்கள், பில் வாங்காமல் திரும்பாதீர்கள். வாரண்ட்டிக்கு அதுதான் ஆதாரம்.

இதில் மறைந்திருப்பவை: பொருத்தும் கூலி, விண்டோஸை அப்படியே நகலெடுக்கும் வேலை, இரண்டு மூன்று நாள் கணினி இல்லாமல் இருப்பது. விண்டோஸ் 11 உள்ள லேப்டாப்பில் டிஸ்க் குறியாக்கம் ஆகியிருக்கலாம், அதாவது சாவி இல்லாமல் படிக்க முடியாதபடி பூட்டியிருக்கலாம். டிஸ்க்கைக் கழற்றும் முன் அந்தப் பூட்டைத் திறக்கும் பிட்லாக்கர் மீட்புச் சாவியை மைக்ரோசாஃப்ட் கணக்கில் பார்த்துக் காகிதத்தில் எழுதிவையுங்கள். கணினியைக் கடையில் விட்டுவிட்டு வருவதாக இருந்தால் குடும்பப் படங்களையும் வங்கி ஆவணங்களையும் முன்பே வேறு இடத்துக்கு எடுத்துவிடுங்கள். கண் முன்னால் உட்கார்ந்து பொருத்தித் தரும் ஆள் கிடைத்தால் இன்னும் நல்லது.

கணினியின் வயதையும் பாருங்கள். விண்டோஸ் 10க்கு மைக்ரோசாஃப்டின் வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14ஓடு முடிந்துவிட்டது. உங்கள் கணினி விண்டோஸ் 11 ஏற்காத பழையது என்றால் அதில் பெரிய எஸ்எஸ்டி வாங்கிப் போடுவதை யோசித்துச் செய்யுங்கள். சின்னதாக ஒன்று போட்டு, விண்டோஸுக்குப் பதிலாக லினக்ஸில் ஓட்டுவதும் ஒரு வழி.

## நான்கையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால்

| | சுத்தம் செய்வது | வெளி டிஸ்க் | கிளவுட் | புது எஸ்எஸ்டி |
|---|---|---|---|---|
| காசு | இல்லை | ஒரு முறை | மாதாமாதம் | ஒரு முறை, கூலி தனி |
| கிடைக்கும் இடம் | பெரும்பாலும் சில பத்து ஜிபி | மிக அதிகம் | கட்டும் காசைப் பொறுத்து | அதிகம் |
| நெட் தேவையா | இல்லை | இல்லை | கட்டாயம் | இல்லை |
| வெள்ளம் வந்தால் | காக்காது | பரணில் இருந்தால் தப்பும் | தப்பும் | காக்காது |
| கணினி வேகம் | கொஞ்சம் மாறலாம் | மாறாது | மாறாது | நன்றாகக் கூடும் |
| பெரிய ஆபத்து | தவறி அழிப்பது | ஒரே பிரதியாக நிற்பது | இங்கே அழித்தால் அங்கேயும் போவது | பொருந்தாத வகை வாங்குவது |

## யாருக்கு எது?

அக்காவின் கதை முன்பே முடிந்துவிட்டது. டியில் இடம் இருந்தது, மாற்றிக் கொடுத்தேன், சி நீலமாகிவிட்டது. பேரப்பிள்ளைகளின் படங்கள் மட்டும் கூகுளின் இலவச 15 ஜிபிக்குள் அடங்கியதால் அங்கேயும் ஏற்றிவைத்தோம்.

வியாசர்பாடித் தம்பிக்கு கிளவுட் ஒத்துவராது. வாரம் இரண்டு மேட்ச், ஒவ்வொன்றும் பல ஜிபி. அவ்வளவையும் ஏற்றி முடிப்பதற்குள் அடுத்த மேட்ச் வந்துவிடும். அவருக்கு வெளி ஹார்ட் டிஸ்க் இரண்டு வாங்கச் சொன்னேன். பெரிதாக ஒன்று வாங்குவதைவிட நடுத்தர அளவில் இரண்டு. ஒன்று அவர் வீட்டில், இன்னொன்று கிளப்பில் அவரோடு பயிற்சி தருபவரின் மாடி வீட்டில். பையன்கள் கோல் அடித்த துண்டுகளை மட்டும் வெட்டி கிளவுடில் வைத்தால் போதும். அணித் தேர்வுக்குப் போகும் பையனுக்குக் காட்ட அதுதான் தேவைப்படும்.

காசிமேட்டுத் தங்கையின் விஷயம் கொஞ்சம் கடினம். லேப்டாப் முழுக்க வெறும் 128 ஜிபி. டீசல் பில், ஏலக் கணக்கு, படகுப் பதிவு ஆவணங்கள் எல்லாம் சேர்த்தே 3 ஜிபிகூட இல்லை, மீதி எல்லாம் மென்பொருளும் விண்டோஸும்தான். சுத்தம் செய்ததில் 11 ஜிபி கிடைத்தது, அப்டேட் ஏறியது. ஆனால் அது வெகுநாள் தாங்காது. லேப்டாப் விண்டோஸ் 11 ஓடும் வகை, எம்.2 என்விஎம்ஈ துளை. 512 ஜிபி எஸ்எஸ்டி மாற்றுவதுதான் சரி என்று சொன்னேன். கணக்குக் கோப்புகள் சின்னவை என்பதால் இலவச கிளவுடிலேயே ஒரு பிரதி வைத்தாயிற்று. ஆவணங்களின் இன்னொரு பிரதி பென் டிரைவில், புதுவண்ணாரப்பேட்டையில் மூன்றாவது மாடியில் இருக்கும் அவள் சித்தி வீட்டில்.

எஸ்எஸ்டி மாற்றும் வரை எதையும் அழிக்க வேண்டாம் என்று சொல்லியிருக்கிறேன். மாற்றிய பிறகும் பழையதை ஒரு மாதம் அப்படியே வைத்திருந்து, பென் டிரைவிலும் கிளவுடிலும் இருக்கும் கோப்புகளில் நான்கைந்தை ஒவ்வொன்றாகத் திறந்து பார்த்துவிட்டு, அப்புறம் அதை யூஎஸ்பி கேஸில் போட்டுக்கொள்ளலாம் என்று முடிவு.